ஹெட்போன் வந்த வழியும் வாங்கும் முறையும்



விடியற்காலையில் தோட்டத்துச் சாலை முனையில் வந்து நிற்கும் தொழிற்சாலை பஸ்ஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறி உட்கார்ந்ததும் பாதிப் பேர் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். பாட்டு, செய்தி, பாடம், தேவாரம் எல்லாம் அதற்குள்தான். "எல்லாரும் வச்சிருக்காங்க, எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்கப்பா" என்று உங்கள் பிள்ளையும் கேட்டிருக்கும். எதை வாங்குவது என்று பார்க்குமுன் இந்தக் கருவி மனிதன் தலையில் ஏறிய கதையைக் கொஞ்சம் கேளுங்கள். கடையில் நாம் கவனிக்க வேண்டியவை அந்தக் கதையிலேயே இருக்கின்றன.

ஹெட்போன் பாட்டுக் கேட்பதற்காகப் பிறந்ததல்ல, வேலைக்காகப் பிறந்தது. 1876-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமம் பெற்றார். 1878-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்னும் பெண்மணி தொலைபேசி நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவரே. இப்படி வேலைக்கு வந்தவர்கள் நாள் முழுக்கக் காதில் கருவியை வைத்துக்கொண்டு, கம்பிகளை மாற்றி மாற்றிச் செருக வேண்டும். இரண்டு கையும் வேண்டுமே! ஆகவே 1880-களில் கருவியைத் தோளிலே ஏற்றிக் கட்டினார்கள். அந்தப் பூட்டு பத்து ராத்தலுக்கும் மேலே இருந்ததாகச் சொல்வார்கள். தோளில் பால்வாளி சுமந்தவர்களுக்கு அந்தப் பாரம் எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பாரத்தைக் குறைக்க வந்தவர் எர்னெஸ்ட் மெர்காடியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர். காதுக்குள்ளே செருகும் ஜோடிக் கருவிக்கு 1891-இல் அவர் அமெரிக்காவில் உரிமம் பெற்றார். எடை ஒன்றேமுக்கால் அவுன்ஸுக்கும் குறைவு, அதாவது சுமார் 50 கிராம். காதில் உராய்ந்து புண்ணாகாமல் இருக்க அதற்கு ரப்பர் உறையும் போட்டார். இங்கே ஒரு சிறு செய்தி. அந்த ரப்பர் நம்ம ஊர்ப் பால்மரத்திலிருந்து போயிருக்க முடியாது. டான் சே யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்த் தோட்டம் போட்டதே 1896-இல்தான்!

அடுத்தவர் நத்தானியேல் பால்ட்வின். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர். 1910-இல் தம் வீட்டுச் சமையலறையிலே ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். சோதித்துப் பார்த்த கடற்படையினர் வியந்துபோய், நிறைய வேண்டும் என்று கேட்டார்கள். "ஒரு தடவைக்குப் பத்துதான் முடியும்" என்றாராம் மனுஷன். ஒலி நன்றாக இருந்தும் தலைப்பட்டையைப் பற்றிக் குறை வந்தது. உடனே தோல் சுற்றிய இரண்டு கம்பிகளை வைத்து, தலைக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கும்படி மாற்றிக் கொடுத்தார். நல்ல ஒலி மட்டும் போதாது, தலைக்கும் இதமாக இருக்க வேண்டும் என்பதை அன்றே கண்டுவிட்டார்கள்.

1958-இல் ஜான் காஸ் என்பவர் ஸ்டீரியோ இசை கேட்க ஹெட்போன் கொண்டுவந்தார். ஆயினும் அது வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கு உரியது. பயணத்திற்கு வந்தது 1979 ஜூலை முதல் தேதி ஜப்பானில் சோனி வெளியிட்ட வாக்மேன். அந்நாளில் ஹெட்போன்கள் 300 முதல் 400 கிராம் வரை இருந்தன. வாக்மேனோடு வந்ததோ சுமார் 50 கிராம். மெர்காடியே தொட்ட எடைக்குத் திரும்பி வர 88 ஆண்டுகள் ஆயின பாருங்கள்! முதல் மாதம் சுமார் 3,000தான் விற்றது. ஆகஸ்டு முடிவதற்குள் முதலில் செய்த 30,000-மும் தீர்ந்துபோயின. சோனியின் அகியோ மொரீத்தா சோதனைக் கருவியை வீட்டில் போட்டுக் கேட்டபோது, தம்மை ஒதுக்கியதுபோல் இருக்கிறதென்று மனைவி வருத்தப்பட்டாராம். அதனால் இரண்டு பேர் சேர்ந்து கேட்க இரண்டு துளை வைத்தார்கள். இப்போது அந்த இரண்டாவது துளை எங்கே போயிற்று என்று சாப்பாட்டு மேசையில் உட்காரும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

இரைச்சலை அடக்கும் ஹெட்போனுக்கு வழிகாட்டியவர் அமர் போஸ். வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிறை சென்று, பிறகு அமெரிக்காவுக்குப் போன வங்காளி ஒருவரின் மகன். 1978-இல் விமானத்தில் கொடுத்த ஹெட்போனை மாட்டினார். இயந்திர இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. பயணத்திலேயே தாளை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். சிறு மைக் ஒன்று வெளி இரைச்சலைப் பிடிக்கும். அதற்கு நேர் எதிரான அலையைக் கருவி உண்டாக்கும். இரண்டும் மோதி அடங்கும். 1989-இல் விமானிகளுக்கு வந்தது. 2000-இல் பொதுமக்களுக்கும் வந்தது. பஸ் இயந்திரத்தின் 'ஹூம்' என்ற ஓயாத ஓசையை இது நன்றாக அடக்கும். பின் இருக்கைக்காரர் பேச்சை அவ்வளவாக அடக்காது.

இனி வாங்கும் விஷயத்திற்கு வருவோம். பஸ்ஸில் இரைச்சல் கூடினால் நம் கை தன்னால் ஒலியைக் கூட்டும். ஹெட்போன் இறுக்கி வலித்தால் தளர்த்தி விடுவோம். தளர்ந்த இடைவெளியில் இரைச்சல் நுழையும். மறுபடி ஒலியைக் கூட்டுவோம். காதுக்குக் கேடு இந்த வழியில்தான் வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வரையறைப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். பிள்ளைகளுக்கு 75 டெசிபல்தான். 90 டெசிபல் ஆனால் பெரியவர்களுக்கே வாரம் 4 மணி நேரம்! போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்தால், செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அந்த வாரக் கணக்கு முடிந்துவிடும். அப்படிக் கெட்ட உள்காது மறுபடி சரியாகாது. பால் ஆலையில், மில்லில் வேலை செய்யும் அப்பாமார்கள் காதுமூடி போடுவது எதற்காக? அதே காரணந்தான்.

ஆகவே கடையில் ஒலியை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். மாட்டிக்கொண்டு கால் மணி நேரமாவது நில்லுங்கள். தலையின் உச்சி வலிக்கிறதா, கண்ணாடிக் காம்பு காதில் அழுந்துகிறதா என்று பாருங்கள். காதை முழுக்க மூடும் வகை இதமானது, இரைச்சலையும் தடுக்கும். ஆனால் நம்ம நாட்டு வெயிலில் வேர்த்துக் கொட்டும், குளிர்சாதன பஸ்ஸுக்குத்தான் ஏற்றது. காதுக்குள் செருகும் வகைக்கு மூன்று அளவு உறை கொடுப்பார்கள். பலர் முதலில் மாட்டியிருப்பதையே கடைசிவரை வைத்துக்கொண்டு, "கழண்டு கழண்டு விழுது" என்பார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். ஒரு காதுக்குச் சிறியதும் மறு காதுக்குப் பெரியதும் பொருந்துவது உண்டு. விலை கூடியதுதான் வேண்டும் என்பதில்லை. மலிவானதாயினும் நன்றாகப் பொருந்தினால் ஒலியைக் குறைத்தே கேட்கலாம். பல கைப்பேசிகளில் ஒலிக்கு எல்லை வைக்கும் வசதி இருக்கிறது. பெற்றோர்களே அதை வைத்துக் கொடுக்கலாம்.

பஸ்ஸை விட்டு இறங்குமுன் கழற்றிவிட வேண்டும், மோட்டார் சைக்கிளில் போடவே கூடாது என்பதையும் வாங்குகிற அன்றே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி பின்னால் ஹார்ன் அடிப்பது காதில் விழ வேண்டுமல்லவா?