விருப்பமும் சான்றே: பொழுதுபோக்குச் சிகிச்சையில் முன்னேற்றக் குறிப்பு

அமெரிக்காவில் பொழுதுபோக்குச் சிகிச்சை, தேர்வும் சான்றும் உள்ள தனித் தொழில். அதற்கான தேசியச் சான்றளிப்புக் குழுமம் 1981 முதல் இயங்குகிறது. ஆயினும் இத்துறையின் முன்னேற்றக் குறிப்புகளை மதிப்பிழக்கச் செய்யும் ஒரு வாக்கியம் இன்னும் ஒழியவில்லை: "குழு நிகழ்வில் நன்றாகப் பங்கேற்றார், மகிழ்ச்சியாக இருந்தார்." எந்த நோயாளிக்கும் எந்த நாளுக்கும் இது பொருந்தும். இதற்கு மாற்றாக, மகிழ்ச்சி பற்றிய பேச்சையே நீக்கிவிட்டு நிமிடங்களையும் தசை வலுவையும் மட்டும் எழுதச் சொல்வோர் உண்டு. அது தவறான தீர்வு என்பதே என் வாதம்.

1968இல் லாரன்ஸ் வீட் முன்வைத்த, நோயாளியின் சிக்கல்களை மையமாகக் கொண்ட பதிவு முறையிலிருந்து வந்ததே இன்று பரவலாக உள்ள 'சோப்' வடிவம். நோயாளி சொல்வது, சிகிச்சையாளர் காண்பது, மதிப்பீடு, திட்டம் என அதற்கு நான்கு பகுதிகள். நோயாளியின் விருப்பம் முதல் பகுதியில் ஒரு மேற்கோளாக ஒதுங்கிவிடுவது எளிது. ஆனால் விருப்பம் சொல்லில் மட்டுமா வெளிப்படுகிறது? தேர்ந்தெடுப்பதும், தானே தொடங்குவதும், நிறுத்தச் சொல்லியும் தொடர்வதும் கண்ணால் காணக்கூடிய செயல்கள். அவற்றின் இடம் இரண்டாம் பகுதி.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்த பெண்மணி. நோய்க்கு முன் தோட்டம் வளர்த்தவர். குறிப்பு இப்படி அமையலாம்: "மூன்று நடவடிக்கைகளைக் காட்டியதும் நாற்று நடுவதைத் தாமே தேர்ந்தார். வலக்கையால் தொட்டியை அணைத்துக்கொண்டு இடக்கையால் மண்ணிட்டார். 25 நிமிடத்தில் இருமுறை வாய்மொழி நினைவூட்டல் தேவைப்பட்டது. சென்ற வாரம் ஆறு. முடிவில், யாரும் கேட்காமலே, நாளை வந்து தண்ணீர் ஊற்றலாமா என்றார்." இதில் மகிழ்ச்சி என்ற சொல்லே இல்லை. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி, நினைவூட்டல்கள் குறைந்ததைவிட வலுவான சான்று என்று கருதுகிறேன். வீடு திரும்பியபின் அவர் தொட்டியருகே போவாரா, நாற்காலியிலேயே இருந்துவிடுவாரா என்பதை அதுவே முன்னறிவிக்கிறது. ஓய்வுநேரத் திறனை மையமாக வைத்துப் பீட்டர்சனும் கன்னும் உருவாக்கிய மாதிரி அகத்தூண்டலுக்கும் தெரிவுக்கும் முதன்மை தந்ததும் இதனால்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: சிகிச்சையாளர் தம் ஆசையை நோயாளியின் முகத்தில் படித்துவிடக்கூடும். உண்மை. ஆகவேதான் அடைமொழியை விட்டுச் செயலை எழுத வேண்டும். காப்பீட்டார் உடலியக்கத்தை மட்டுமே கேட்கிறார்கள் என்ற மறுப்பு அவ்வளவு வலுவானதன்று. அரசுக் காப்பீடான மெடிகேரின் நிதி பெறும் மனநல மருத்துவமனைகளுக்கான விதி, முதல் இரண்டு மாதங்களுக்கு வாரம் ஒருமுறையேனும், பின்னர் மாதம் ஒருமுறையேனும் முன்னேற்றக் குறிப்பு வேண்டும் என்கிறது. சிகிச்சைத் திட்டத்தோடு ஒப்பிட்டுத் துல்லியமான மதிப்பீட்டையும், தேவையெனில் திட்ட மாற்றத்துக்கான பரிந்துரையையும் அது கோருகிறது. தாமே தொடங்குவது திட்டத்தில் இலக்காக எழுதப்பட்டிருந்தால், அதன் முன்னேற்றத்தைப் பதியாத குறிப்பே விதிக்குக் குறைபட்டது.

நோயாளி வர மறுப்பதும் தெரிவுதான். "வர மறுத்தார்" என்று முடியும் குறிப்பு, மனச்சோர்வையும் வலியையும் பிடிக்காத பாட்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. என்ன அழைப்பு, எந்த நேரம், என்ன சொல்லி மறுத்தார், வேறு எதற்கு இசைந்தார் என்ற நான்கும் இருந்தால் அடுத்த வாரத் திட்டம் அதிலிருந்தே பிறக்கும்.

2021 ஏப்ரல் முதல், தகவல் தடுப்புக்கு எதிரான கூட்டாட்சி விதிப்படி, சில விலக்குகள் நீங்கலாக, நோயாளிகள் தம் மின்பதிவிலுள்ள முன்னேற்றக் குறிப்புகளைப் படிக்க முடிகிறது. "ஊக்கமற்றவர்" என்ற தீர்ப்பைப் படிக்கும் நோயாளியால் அதை மறுக்கவும் வருந்தவும் மட்டுமே முடியும். "இருமுறை அழைத்தும் அறையிலேயே இருந்தார்; முழங்கால் வலிக்கிறது என்றார்" என்றிருந்தால், நடந்ததைத் திருத்திச் சொல்லவாவது அவருக்கு வழி இருக்கும்.