ஈட்டிக்காரன் காசு

மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்குக் கோபெக் புதிய சொல் அல்ல. நூறு சேர்ந்தால் ஒரு ரூபிள். ரஷ்யர் வாயில் அது ‘கோப்பெய்க்கா’. அந்தச் சொல்லுக்குள் ஓர் ஈட்டி இருக்கிறது. ரஷ்ய மொழியில் ஈட்டிக்கு ‘கோப்யோ’ என்று பெயர்.

1535-இல் அரியணையில் இருந்தவன் நான்கு வயதுப் பாலகன் இவான். ஆண்டவள் தாய் எலேனா கிளின்ஸ்காயா. காசுகளைச் சுரண்டுவதும் கள்ளக்காசும் பெருகிவிடவே, பழையவற்றையெல்லாம் உருக்கிப் புதிதாக அடிக்கச் சொன்னாள். நோவ்கொரோத் காசில் குதிரைவீரன் ஈட்டி ஏந்தினான். மாஸ்கோ காசான ‘தெங்கா’வில் அவன் கையில் வாள், மதிப்பும் பாதிதான். ஈட்டிக் காசை மக்கள் ஈட்டியின் பெயராலேயே அழைத்தார்கள் என்று ரஷ்ய நாளாகமமும் சொல்கிறது. மத்திய ஆசியாவில் கெபெக் கான் வெளியிட்ட வெள்ளிக் காசின் பெயரே திரிந்து இப்படி ஆனது என்போரும் உண்டு. ‘தெங்கா’ துருக்கிய வழிச் சொல் என்பதால் இதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் பெயரும் படமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும்போது ஈட்டியின் பக்கமே நிற்கத் தோன்றுகிறது.

அன்றைய கோபெக் வெள்ளி, எடை 0.68 கிராம். கம்பியைத் துண்டாக்கி, தட்டையாக்கி அடித்தது. சேகரிப்பாளர்கள் இவற்றை ‘மீன்செதில்’ என்பார்கள். கையில் எடுத்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. முதலாம் பீட்டர் காலத்தில் எடை 0.28 கிராமுக்கு இறங்கிவிட்டது.

செம்பு வந்த கதை அவ்வளவு சாதுவானது அல்ல. போர்ச் செலவுக்குப் பணம் போதாமல் 1655 முதல் ஜார் அலெக்ஸேய், வெள்ளிக் கோபெக்கின் அளவிலேயே செம்பில் அடித்து, மதிப்பும் அதேதான் என்றார். சம்பளம் செம்பில், வரி மட்டும் வெள்ளியில்! விலைவாசி ஏறியது. 1662-இல் மாஸ்கோவில் கலகம் வெடித்து ரத்தம் சிந்தியது. அடுத்த ஆண்டே அரசு செம்பைத் திரும்பப் பெற்றது. ஒரு செப்பு ரூபிளுக்கு ஈடாக வெள்ளியில் ஒருசில கோபெக்தான் கிடைத்தது.

அலெக்ஸேயின் மகன் முதலாம் பீட்டர் படிப்படியாகப் போனார். 1700-இல் செம்பில் சில்லறைகளை மட்டும் விட்டுப் பார்த்தார். 1704-இல் செப்புக் கோபெக் வந்தது. ‘கோப்பெய்க்கா’ என்ற சொல் காசின் மேலேயே ஏறியது அப்போதுதான். ஒரு பூட், அதாவது 16.38 கிலோ செம்பில் இருபது ரூபிள் மதிப்புக்கு அடித்தார்கள். கணக்குப் போட்டால் காசுக்கு 8.19 கிராம்.

காசு வகைகளைத் தேடுகிறவர்களுக்கு வேலை இங்கேதான் தொடங்குகிறது. அச்சுகளைக் கையால் வெட்டினார்கள். தேய்ந்ததும் வேறொன்று வெட்டினார்கள். குதிரையின் வால், வீரனின் மேலங்கி, எழுத்துகளின் இடைவெளி என ஒவ்வோர் அச்சிலும் ஏதாவது மாறும். மாஸ்கோவிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட அக்கசாலைகள். ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துக்குறி. ஆண்டும் முதலில் எழுத்தில்தான்: நம் பழைய தமிழ் எண்களைப் போல அங்கேயும் எழுத்தே எண், 700-க்கு ‘ப்ஸி’. எழுநூறுக்குப் பக்கத்து எழுத்து மங்கிப்போனால் ஆண்டைத் தீர்மானிக்க மற்ற நுணுக்கங்களைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும்.

எனக்கு இவற்றைவிடச் சுவையானது 20.48 கிராம் எடையுள்ள ஒரு செப்பு வில்லை. 1723-இல் அது ஐந்து கோபெக். பின்பக்கம் சிலுவைக் கோடுகள். செம்பின் சந்தை விலையைவிட முகமதிப்பு பல மடங்கு அதிகமாக இருந்ததால் கள்ளக்காசு குவிந்தது. ரஷ்யப் பேரரசி எலிஸபெத் ஆட்சியில் அரசே மதிப்பைக் குறைத்துக்கொண்டே வந்தது. 1755-இல் அதே வில்லையின் மேல் மேகத்தில் கழுகை அடித்து ஒரு கோபெக் ஆக்கினார்கள். இரண்டே ஆண்டில் அது இரண்டு கோபெக் ஆயிற்று; ஈட்டி வீரனும் அதில் ஏறிக்கொண்டான். 1762-இல் மூன்றாம் பீட்டர் ஒரே அடியில் நான்கு கோபெக் என்றார். பின்பக்கம் போர் முரசுகளும் கொடிகளும். சில மாதங்களில் அவர் ஆட்சி கவிழ்ந்தது. மனைவி கேத்தரீன் அதைப் பழையபடி இரண்டாக்கினார்.

ஒவ்வொரு முறையும் உருக்கி வார்க்கச் செலவாகும். அதனால் பழைய காசின் மேலேயே புது அச்சை ஓங்கி அடித்தார்கள். ரஷ்யச் சேகரிப்பாளர்கள் இதை ‘பெரெச்செக்கான்’ என்கிறார்கள். அடி சரியாக விழாத இடங்களில் பழைய படம் எட்டிப் பார்க்கும். மூன்றாம் பீட்டரின் நான்கு கோபெக் காசுகளில் பெரும்பகுதி கேத்தரீனின் காசுகளுக்கு அடியில் போய்விட்டது. விவரமறிந்தவர்கள் கேத்தரீனின் இரண்டு கோபெக் கையில் கிடைத்தால் முதலில் அவரது பெயரெழுத்துச் சின்னத்தைப் பார்ப்பதில்லை. காசை வெளிச்சத்தில் சாய்த்து, அதன் ஓரத்தில் ஒரு முரசின் விளிம்பு தெரிகிறதா என்றுதான் தேடுகிறார்கள்.