காரணையும் மேரியனும்



1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கப் புறப்பட்ட மக்கள் அந்த மண்ணில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்துத் திரண்டவர்கள் மீதுதான் சுட்டார்கள். அன்றைக்குத் திருவள்ளூர் தனி மாவட்டம் இல்லை, 1997இல்தான் பிரிந்தது. ஆகவே வள்ளூர்க்காரர்களுக்குக் காரணை வெளியூர்ச் சேதி அல்ல.

இதற்கு இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேரியன் என்ற சிற்றூரில், 1965 பிப்ரவரி 18 இரவு, ஜிம்மி லீ ஜாக்சன் என்ற 26 வயது இளைஞரைக் காவலர் ஒருவர் சுட்டார். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் பலமுறை மனுப்போட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். அன்றைய ஊர்வலத்தைப் போலீசார் அடித்துக் கலைத்தபோது, தாயையும் 82 வயதுப் பாட்டனையும் காக்க முயன்றார், குண்டு பாய்ந்தது. எட்டாம் நாள் இறந்தார். அந்தச் சாவிலிருந்துதான் செல்மா நடைப்பயணம் கிளம்பியது. மார்ச் 7 அன்று பாலத்தில் மண்டை உடைபட்ட ஜான் லூயிசுக்கு வயது 25. ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. சுட்டவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டதோ 2010இல். தண்டனை ஆறு மாதம்!

கறுப்பர் போராட்டம் என்றால் நம் மேடைகளில் சிறுத்தைகளைப் பேசுகிறோம், கவிதையைப் பேசுகிறோம். நிலத்தைப் பேசுவது குறைவு. அதுதான் நமக்கு மிக நெருக்கமான பகுதி என்பது என் எண்ணம்.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பொன்னேரியும் திருவள்ளூரும் அடக்கம். அங்கே தரிசு நிலத்துக்குச் சேரி ஆள் ஒருவர் மனுக் கொடுத்தால், மிராசுதார் தனக்கே முன்னுரிமை என்று தடுத்துவிடலாம். அதைவிடக் கொடியது குடியிருக்கும் மனைக்கட்டும் மிராசுதாருக்கே சொந்தம் என்றது. கூலி உயர்த்திக் கேட்ட படியாளின் குடிசையைப் பிடுங்கிப் போட்டால் போதும், அவன் வாய் அடங்கிவிடும். திருவள்ளூர்ப் பக்கம் பணியாற்றிய வெஸ்லியன் பாதிரியார் வில்லியம் கவுடி போன்றவர்கள் இதை விடாமல் எழுதினார்கள். 1891இல் ஆட்சியர் திரமென்ஹீர் தம் அறிக்கையை அரசுக்கு அனுப்பினார். அவர் கேட்டதையெல்லாம் அரசு கொடுக்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் ஆணை பிறந்தது. தரிசில் ஒரு பங்கு ஒடுக்கப்பட்டோருக்கு என்றானது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்கலாம், மீறினால் செல்லாது என்பவை அந்த நிலத்துக்குரிய நிபந்தனைகள். மாகாணம் முழுவதும் இப்படிக் கிடைத்தது 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு.

மனைக்கட்டைப் பிடுங்கும் வித்தை அங்கும் உண்டு. 1962 ஆகஸ்ட் 31 அன்று மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் வாக்காளராகப் பதியப் போனார். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பருத்தித் தோட்டத்திலிருந்து அன்றிரவே வெளியேற்றப்பட்டார். நம் பாட்டிமார் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

அங்கேயும் ஓர் ஆணை இருந்தது. 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன், கடற்கரையோர நிலத்தை விடுதலை பெற்ற கறுப்புக் குடும்பங்களுக்குத் தலா 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க உத்தரவிட்டார். சுமார் 40,000 பேர் குடியேறி உழவும் தொடங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய பண்ணையார்களுக்கே திருப்பினார். அங்கே ஆணையும் போயிற்று, நிலமும் போயிற்று. இங்கே ஆணையை யாரும் ரத்து செய்யவில்லை. கடனுக்கு, கைரேகைக்கு, மிரட்டலுக்கு, போலிப் பத்திரத்துக்கு என்று நிலம் மட்டும் போயிற்று. மேரியனில் சிந்திய ரத்தத்துக்குப் புதிய சட்டம் ஒன்று தேவைப்பட்டது. காரணைக்காரர்கள் கேட்டதோ நூறாண்டுப் பழைய சட்டத்தை. அதற்கே குண்டு.

நம் பகுதிக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட், எண்ணூர்த் துறைமுகம், வள்ளூர் அனல்மின் நிலையம் என்று நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிற வட்டாரம் இது. ஒப்பந்தக் கூலியாக உள்ளே போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தங்கள் ஊரின் டி.சி. நிலம் எந்தப் பக்கம் என்று தெரியும்? மாணவர்கள் இதை எடுத்துச் செய்யலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியருக்கு மனுப்போடுங்கள். யு.டி.ஆர். பதிவை மட்டும் காட்டினால் திரும்பிவிடாதீர்கள். அதற்கு முந்தைய 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். சர்வே எண் மாறியிருக்கும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். கிடைத்ததை நகல் எடுத்து, அந்தந்தச் சேரிப் பெரியவர்களிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்த வயல், யார் உழுதது, எப்போது கைமாறியது என்பதை அவர்கள் சொல்வார்கள்.