சோழிகளில் ஓடிய லூப்: புதுச்சேரி, 1825

பைத்தான், பெர்ல், ரூபி போன்ற ஸ்கிரிப்ட் மொழிகளைப் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் முதலில் திணறும் இடம் லூப். "இந்த நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை இதையே திரும்பச் செய்" என்பதுதான் லூப். அடுத்து வருவது இட்டரேட்டர். "அடுத்தது என்ன?" என்று கேட்கும்போதெல்லாம் ஒரு வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. பார்பரா லிஸ்கோவ் குழுவினர் 1970களில் உருவாக்கிய க்ளூ மொழியில் இது இருந்தது. பைத்தானுக்கு 2001ல், 2.2 பதிப்பில் வந்தது. ஆனால் கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் இதே போன்ற கணக்கைத் தரையில் உட்கார்ந்து செய்தவர்கள் புதுச்சேரியில் இருந்தார்கள்!

வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தி 1768ல் புதுச்சேரி வந்தார். 1769 ஜூனில் மேகம் மறைத்துவிட்டது. ஆனால் இங்கே தமிழர்களின் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் மொத்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாக இருந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணையோ 68 விநாடி அதிகமாக இருந்தது.

அடுத்து வந்தவர் ஜான் வாரன். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவர். 1825ல் வெளியான 'கால சங்கலித' என்ற அவரது நூலில் புதுச்சேரி பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு வானியல் தத்துவம் எதுவும் தெரியாது. நினைவாற்றல் மட்டும் அபாரம். அட்டவணைகளை வாக்கியங்களாக மனப்பாடம் செய்திருந்தார். எண்களைத் தரையில் சோழிகளாக வைத்து, 1825 மே 31 - ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார்.

சந்திரன் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கலியுகத் தொடக்கத்திலிருந்து கடந்த நாட்களை எடுத்துக்கொண்டு, முதலில் 1600984ஐக் கழிக்க வேண்டும். மீதியில் 12372ஐ முடிந்தவரை கழிக்க வேண்டும். பிறகு 3031, பிறகு 248. வகுத்தல் என்பதே திரும்பத் திரும்பக் கழித்தல்தானே? ஒவ்வொன்றையும் எத்தனை முறை கழித்தோமோ, அத்தனை முறை அதற்குரிய திருத்தத்தைச் சேர்க்க வேண்டும். கடைசியில் 248க்குக் குறைவான ஓர் எண் மிஞ்சும். அந்த எண்ணுக்குரிய வாக்கியத்தைச் சொன்னால் விடை. அடுத்த நாளுக்கு அடுத்த வாக்கியம். முன்னது லூப், பின்னது இட்டரேட்டர்.

ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மறுபடி அந்த நிலைக்கு வர சுமார் 27.55 நாள் ஆகிறது. அப்படி 9 சுற்றுக்கு ஏறத்தாழ 248 நாள். இதே எண் பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இருப்பதைக் கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கெபாவர் 1952ல் எடுத்துக் காட்டினார்.

விடை சரியாக வந்ததா? தொடக்கத்தில் 4 நிமிடம்தான் பிழை. கிரகண மத்தியில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தத்துவம் தெரியாமலேயே இவ்வளவு நெருங்க முடிந்தது என்பது அந்தக் கணக்குமுறையை அமைத்தவர்களின் திறமை. ஆனால் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க, லூப்பை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் எண்கள் ஏன் வந்தன என்றும் தெரிய வேண்டும்.

இது பழங்கதை அல்ல. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த திருநள்ளாறு கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. புதிய வானியல் எண்களைக் கொண்ட திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17ல் நடந்த சனிப்பெயர்ச்சி, அங்கே அதே ஆண்டு டிசம்பர் 20ல்தான் கொண்டாடப்பட்டது. கோள் ஒன்றுதான், கணக்குதான் இரண்டு. பதினொரு மாத வித்தியாசம்!

புரோகிராம் எழுதும் மாணவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. லூப் சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டே இருக்கும். அதற்குக் கொடுத்த எண்கள் இன்னும் சரிதானா என்று அவ்வப்போது வானத்தைப் பார்க்க வேண்டியது மனிதனின் வேலை.