பஸ் வீடும் அதன் பிரேக்கும்

யாராவது, பழைய பள்ளி பஸ்ஸை மாற்றி அமைத்த தங்கள் பஸ் வீட்டைக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டால், படியேறுவதற்கு முன் நான் பின்சக்கரத்துப் பக்கம் போய்க் குனிந்துவிடுவேன். உள்ளே சீடார் பலகை அடித்த சுவர், சமையல் மேடை, குளிக்க ஒரு மூலை, கூரைமேல் சூரிய மின்தகடு என்று அவர்கள் மாதக்கணக்கில் பாடுபட்டதெல்லாம் இருக்கும். அதையும் ஆசையாகப் பார்ப்பேன். ஆனால் அந்த வண்டி எந்தக் காலத்தது, யார் கையில் எப்படி வளர்ந்தது என்பதைச் சக்கரம்தான் சொல்லும். கோயில் தூணின் தலையில் இருக்கும் போதிகையைப் பார்த்தே இது சோழர் பணி, இது நாயக்கர் பணி என்று சொல்லிவிடும் பெரியவர்கள் நம் ஊரில் உண்டு. அமெரிக்கப் பள்ளி பஸ்ஸுக்குப் போதிகை என்பது, சக்கரம் ஹப்பில் உட்கார்ந்திருக்கும் விதம்.

நான் நாமக்கல்காரன். அப்பா லாரிப் பட்டறை வைத்திருந்தார். இப்போது ஆரிகன் மாநிலத்தில் இருக்கிறேன்; என்னிடம் இருப்பது 1986-ல் வெளிவந்த இன்டர்நேஷனல் சேசிஸ்மேல் புளூ பேர்ட் பாடி கட்டிய பஸ். அதற்கு டேட்டன் சக்கரம். இந்த பஸ்களின் சக்கரங்கள் மூன்று வகை; அவற்றில் மூத்தது அதுதான். ஒஹையோவின் டேட்டன் நகரத்து வார்ப்பாலையிலிருந்து வந்த பெயர். ஹப்பும் ஐந்தோ ஆறோ ஆரங்களும் ஒரே வார்ப்பு. டயர் மாட்டிய ரிம் தனி. ஆரங்களின் நுனியில் ரிம்மை ஏற்றி, ஆப்புப் போன்ற கிளாம்புகளை வைத்து நட்டை முடுக்க வேண்டும். அடுத்த வகை பட் சக்கரம். எஃகிலேயே கார் பாடி செய்து பெயர் வாங்கிய பிலடெல்ஃபியா எட்வர்ட் பட்டின் நிறுவனத்துப் பெயர் அது. வண்டியின் இடப்பக்கச் சக்கரங்களில் நட்டுக்கு இடது மரை. பின்னால் இரட்டை டயர் என்பதால் உள் சக்கரத்துக்கு ஒரு நட்டு, அதன் தலைமேல் வெளிச் சக்கரத்துக்கு இன்னொரு நட்டு. வெளி நட்டைத் தளர்த்தாமல் உள் நட்டை முடுக்க வழியில்லை. அது தெரியாதவர் வெளியே மட்டும் முடுக்கிவிட்டுக் கிளம்புவார். உள் சக்கரம் ஆடி ஆடி போல்ட்டுகளை அறுத்துவிடும். மூன்றாவது வகை 1980-களில் பரவியது. அதில் சக்கரத்தின் நடுத்துளையை ஹப்பே தாங்கும். எல்லா நட்டும் வலது மரை, 33 மி.மீ. சாக்கெட், 450 முதல் 500 அடி-பவுண்டு முறுக்கு. தனியாள் வீட்டு வாசலில் வைத்துச் செய்ய ஏற்றது இதுதான் என்றாலும், என் மனசு டேட்டனிடம்தான்.

இந்த பஸ்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவற்றின் நிறத்திலிருந்து தொடங்குவார்கள். 1939 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சையர் என்ற பேராசிரியர், ராக்ஃபெல்லர் அறக்கட்டளை தந்த 5,000 டாலரைக் கொண்டு ஒரு மாநாடு கூட்டினார். 48 மாநிலங்களின் கல்வி அதிகாரிகளும் பாடி கட்டுபவர்களும் பெயின்ட் நிபுணர்களும் உட்கார்ந்து 44 தரங்களை வகுத்தார்கள். விடிகாலை மங்கலில் கறுப்பு எழுத்து எடுப்பாகத் தெரியும் என்று மஞ்சளைத் தேர்ந்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அந்த மாநாடு பஸ்ஸின் நீளம், கூரை உயரம், நடைவழி அகலம் என்று பாடியைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசியது. அடிப்பாகம் லாரிக் கம்பெனிகளிடமே இருந்தது. அதற்கு முன்பும் அப்படித்தான். இண்டியானாவின் வேய்ன் ஒர்க்ஸ் பிள்ளைகளை ஏற்றக் குதிரை வண்டி செய்த காலத்திலேயே இது வண்டிப்பெட்டி கட்டும் தொழிலாகத்தான் இருந்தது. ஜார்ஜியாவின் ஃபோர்ட் வேலியில் ஃபோர்டு விற்றுவந்த ஆல்பர்ட் லூஸ் 1927-ல் ஃபோர்டு மாடல் டிடி லாரி சேசிஸ்மேல் எஃகுச் சட்டகம் கொண்ட பாடி ஏற்றினார். அதுதான் முதல் புளூ பேர்ட். இப்படிப் பாடி ஒருவர், சேசிஸ் இன்னொருவர் என்று பிரிந்து வளர்ந்ததால்தான், பள்ளி கழித்துவிட்ட பஸ்ஸுக்கும் லாரி உதிரிபாகக் கடையில் பிரேக் ஷூவும் டிரம்மும் ஆயில் சீலும் கிடைக்கின்றன. சொந்தக் கையால் பழுது பார்க்கும் இந்த வழக்கமே அதன்மேல்தான் நிற்கிறது.

பள்ளி பஸ்ஸை வீடாக்கும் கதையை எல்லோரும் எழுத்தாளர் கென் கீசியிடமிருந்து தொடங்கிச் சொல்வார்கள். 1964-ல் கலிஃபோர்னியாவின் லா ஹோண்டாவிலிருந்து நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு நண்பர்களோடு அவர் கிளம்பிய பஸ், 1939 மாடல் இன்டர்நேஷனல். ஓட்டியவர் அந்த நண்பர்களில் ஒருவரான நீல் கேசடி. ஆனால் அதை வீடாக்கியவர் கீசி அல்லர். அவருக்கு முன்பு வைத்திருந்தவர், பிள்ளைகள் நிறைந்த தன் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காக ஏற்கெனவே படுக்கைகள் அமைத்திருந்தார். அதற்கு வண்ணம் பூசிய கீசி கூட்டத்தின் பெயர் நிலைத்தது. படுக்கை கட்டிய குடும்பஸ்தரின் மரபைத்தான் இன்றைக்கு நெடுஞ்சாலையில் அதிகம் பார்க்கிறேன்.

1970-ல் ஸ்டீஃபன் காஸ்கின் என்ற ஆசிரியர் தன் மாணவர்களைத் திரட்டிக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பினார். பின்னால் பழைய பள்ளி பஸ்களின் வரிசை. நாட்டைச் சுற்றிவிட்டு 1971-ல் டென்னஸியின் சம்மர்டவுன் பக்கம் நிலம் வாங்கி ‘தி ஃபார்ம்’ என்ற குடியிருப்பை நிறுவினார்கள். முதலில் பலருக்கு அந்த பஸ்களே வீடு. அத்தனை கிழட்டு வண்டிகளை மலையேற்றி இறக்கியது சும்மா நடந்த காரியமா? அந்தக் காலத்து ஹைட்ராலிக் பிரேக்கை நினைத்துப் பாருங்கள். மால்கம் லாக்ஹெட் 1917-ல் காப்புரிமை வாங்கிய வழிதான்: மிதியை அழுத்தினால் எண்ணெய் போய்ச் சக்கர சிலிண்டரைத் தள்ளும். பழைய பஸ்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, அதற்கு ஒரே குழாய்த் தடம். ஒரு சக்கரத்தில் ரப்பர் கிழிந்து எண்ணெய் ஒழுகினால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. மிதிக்குத் துணை நிற்கும் பூஸ்டர் எஞ்சினின் வெற்றிடத்தால் வேலை செய்வது. எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். இறக்கத்தில் மிதியை விடாமல் அழுத்தினால் டிரம் சூடேறி விரியும், ஷூ எட்டாமல் போகும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று அப்பா கொல்லிமலைக்கு லோடு ஏற்றும் டிரைவர்களிடம் சொல்வார். ராக்கி மலைக்கும் அதே விதி.

அந்த வருடங்களில்தான் கையால் செய்து பழகும் ஒரு கூட்டம் இங்கே உருவானது. ஜான் மியூர் 1969-ல் ஃபோக்ஸ்வாகன் சொந்தக்காரர்களுக்காகச் சொந்தமாகவே அச்சிட்ட கைந்நூல் பள்ளி பஸ்ஸைப் பற்றியதல்ல. ஆனாலும் ஸ்பேனர் பிடித்தறியாதவரும் தன் வண்டியின் பிரேக்கைத் தானே பார்க்கலாம் என்ற துணிச்சலை அது ஒரு தலைமுறைக்குக் கொடுத்தது. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். கூடவே, அதற்கு உயிரால் விலை கொடுத்தவர்களையும் நினைக்கிறேன்.

ரிம்மை எடுத்துக்கொள்வோம். ட்யூப் போட்ட 20 அங்குல டயர் காலத்தில் ரிம் இரண்டு மூன்று துண்டுகளாக இருக்கும். டயரை ஏற்றிய பிறகு ஒரு எஃகு வளையத்தைத் தட்டி உட்கார வைப்பார்கள். நாமக்கல்லில் ‘லாக் ரிங்’ என்போம். வளையம் துருவேறியோ வளைந்தோ இருந்து சரியாக உட்காராவிட்டால், காற்றேறும்போது பீறிட்டுப் பறக்கும். எதிரில் முகம் இருந்தால் அவ்வளவுதான். எங்கள் பட்டறையில் ரிம்மின் துளைகளில் கடப்பாரையை நுழைத்து வைத்துவிட்டுத்தான் காற்றடிப்போம். அமெரிக்காவில் இதற்கான தொழிலிடப் பாதுகாப்பு விதி 1980-ல் வந்தது: இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடி, கவ்விப் பிடிக்கும் முனையும் நீண்ட குழாயும் வைத்துக்கொண்டு விலகி நில், பொருந்தாத துண்டுகளைச் சேர்க்காதே. விதி நல்ல விதி. ஆனால் அது வேலை கொடுப்பவரைக் கட்டுப்படுத்துவது. தன் வீட்டு வாசலில் தன் பஸ்ஸின் சக்கரத்தைக் கழற்றும் ஒருவரை அது தொடுவதில்லை. அதனால்தான் பழைய ரிம்மோடு வருபவர்களிடம், ஒற்றைத் துண்டு 22.5 அங்குல ட்யூப்லெஸ் ரிம்முக்கு மாறிவிடுங்கள் என்று மன்றாடுகிறேன். டேட்டன் ஆரத்திலேயே அது உட்காரும்.

ஏர் பிரேக்கின் கதை இன்னும் கனமானது. ரயிலுக்கு ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-லேயே செய்தது, பிறகு லாரிக்கும் பெரிய பஸ்ஸுக்கும் வந்தது. சென்னையின் பாடிப் பகுதியில் 1962-ல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டனின் ஏர் பிரேக் பாகங்களைத் தொட்டு வளர்ந்தவன் என்பதால் அதன் சீறல் எனக்குப் பழக்கம். 1976 மே 21 அன்று கலிஃபோர்னியாவின் யூபா சிட்டி உயர்நிலைப் பள்ளிப் பாடகர் குழுவை ஏற்றிக்கொண்டு போன 1950 மாடல் பஸ்ஸில் காற்றழுத்தம் இறங்கியது. எச்சரிக்கை ஒலித்தது, அதன் பொருள் ஓட்டுநருக்குப் பிடிபடவில்லை. மார்ட்டினெஸ் நகரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வளைவில் பிரேக் பிடிக்காமல், பஸ் தடுப்பைத் தாண்டித் தலைகீழாக விழுந்தது. 28 மாணவர்களும் பெரியவர் ஒருவரும் இறந்தார்கள்.

ஏர் பிரேக்குக்கான கூட்டாட்சித் தரம் அதற்கு முந்தைய ஆண்டில்தான் புது வண்டிகளுக்கு நடைமுறைக்கு வந்திருந்தது. 1974-ல் நாடாளுமன்றம் கேட்ட பள்ளி பஸ் தரங்கள் 1977 ஏப்ரல் 1 முதல் அமலாயின. பழைய வண்டிகள் பழையபடியே ஓடின. பள்ளி கழித்த பஸ்ஸை வாங்குபவர் கைக்கு வருவது எப்போதும் முந்தைய விதியின் வண்டிதான். இதை மனதில் இருத்த வேண்டும்.

என் பஸ்ஸில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டுக்கு வரும்போது ஒலிப்பான் கத்தும். அது இன்னும் இறங்கி 45-க்கும் 20-க்கும் நடுவே போனால் பின்சக்கரத்து ஸ்பிரிங் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். அந்த பிரேக்கின் கலத்துக்குள் சுருட்டி அடைத்த ஸ்பிரிங்குக்கு ஆளைக் கொல்லும் பலம் உண்டு. கழற்றுமுன் அதற்குரிய நீள போல்ட்டைப் பின்புறம் நுழைத்து, ஸ்பிரிங்கைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டியாக வேண்டும். கலத்தின் ஸ்பிரிங் பாதியைத் திறக்கவே கூடாது. முழுசாகக் கழற்றி மாற்றுவதுதான் முறை.

அடுத்தது ஸ்லாக் அட்ஜஸ்டர், ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவேயுள்ள இடைவெளியைச் சரிசெய்யும் கை. 1994 அக்டோபருக்குப் பிறகு வந்த ஏர் பிரேக் வண்டிகளில் அது தானே சரிசெய்துகொள்ளும். என்னுடையது கையால் திருப்புவது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, அடியில் படுத்து, 9/16 ஸ்பேனரால் பூட்டு வளையத்தை உள்ளே அழுத்தியபடி திருப்ப வேண்டும். ஷூ டிரம்மைத் தொட்டதும் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்றுப் பின்வாங்க வேண்டும். பிறகு ஒருவர் மிதியை அழுத்த, இன்னொருவர் கலத்திலிருந்து புஷ் ராட் எவ்வளவு வெளியே வருகிறது என்று அளக்க வேண்டும். 30-ம் எண் கலத்துக்கு எல்லை 2 அங்குலம். என் மனைவி மிதிப்பாள், நான் அளப்பேன். “எவ்வளவுங்க?” என்று மேலிருந்து கேட்டுவிட்டுத்தான் காலை எடுப்பாள்.

டிரம்மைக் கழற்றினால் வேலை பெரிது. தனியாள் தூக்கக்கூடிய கனமல்ல. புது டிரம்மின் உள்விட்டம் 16.5 அங்குலம், தேய்ந்து 16.62 தாண்டினால் கழிக்க வேண்டியதுதான். உள்ளே கியர் ஆயில் கசிந்து லைனிங் நனைந்திருந்தால், துடைத்துவிட்டு மாட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கூடாது. சீலையும் ஷூவையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதவும் கூடாது. அதில் கல்நார் இருக்கலாம். அமெரிக்காவில் 1989-ல் கொண்டுவந்த கல்நார்த் தடையின் பெரும்பகுதியை நீதிமன்றம் 1991-ல் ரத்து செய்துவிட்டது. அதனால் பழைய லைனிங்கில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத்துணியால் துடையுங்கள்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது டேட்டன் தன் குணத்தைக் காட்டும். எதிரெதிர் நட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கிக்கொண்டே வர வேண்டும். பிறகு தரையில் ஒரு கட்டையை டயரின் ஓரத்தை ஒட்டி நிறுத்தி, ஜாக்கிமேல் இருக்கும் சக்கரத்தை மெல்லச் சுழற்றினால் எந்த இடத்தில் வெளியே வீங்குகிறது என்று தெரியும். எதிர்ப்பக்க நட்டைத் தளர்த்தி, வீங்கிய பக்கத்தை முடுக்கி, மறுபடி சுழற்றுவேன். பொறுமை இருந்தால் ஆட்டம் சுத்தமாக நின்றுவிடும். இந்தச் சூட்சுமம் தெரிந்தவர்கள் லாரிப் பட்டறைகளில் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். நான் கற்றதும், பள்ளி மாவட்டம் ஒன்றின் பணிமனையில் வாழ்நாளைக் கழித்த ஒரு முதியவரிடம். என் கையைப் பிடித்து அவர் காட்டிய விதத்தில் அப்பாவைப் பார்த்தேன்.

பிள்ளைகளை ஏற்றும்வரை பஸ்ஸுக்கு அப்படி ஒரு பணிமனை இருக்கிறது, மாநிலச் சோதனை இருக்கிறது, தினமும் கிளம்புமுன் ஓட்டுநர் பார்க்கும் பட்டியல் இருக்கிறது. மஞ்சளை மாற்றி அடித்து, நிறுத்தப் பலகையைக் கழற்றி, வீட்டு வண்டியாகப் பதிவு செய்துவிட்டால் பல மாநிலங்களில் இவை எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. தொழில்முறை ஓட்டுநர் உரிமமும் பெரும்பாலும் தேவைப்படாது. அன்றிலிருந்து அந்தப் பணிமனை முழுக்க வாங்கியவர்தான்.

அதனால் பஸ் வாங்கப் போகும் இளைஞர்களிடம் நான் சொல்வது: ஏலத்தில் சாவி வாங்கும்போதே பராமரிப்பு நோட்டைக் கேளுங்கள், இல்லாவிட்டால் குப்பைக்குப் போய்விடும். என் பஸ்ஸின் நோட்டு என்னிடம் இருக்கிறது. எந்தச் சக்கரத்துக்கு எப்போது ஷூ மாற்றினார்கள், எந்த டிரம் எவ்வளவு தேய்ந்திருந்தது, எந்த சீல் இரண்டு தரம் போனது என்று பல மெக்கானிக்குகளின் கையெழுத்தில் இருக்கிறது. அதே நோட்டில்தான் நானும் எழுதிவருகிறேன். வலது பின்சக்கரத்து சீல் மறுபடி வியர்க்கத் தொடங்கியிருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் டிரம்மை இறக்க வேண்டும். புது சீல் வந்துவிட்டது, ஷூவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.