மவ்சிம் முதல் சீசன் வரை

ஜூன் பிறந்ததும் குற்றாலம் பக்கம் சொந்தக்காரர் இருப்பவர்கள் போன் போட்டு முதலில் கேட்பது, “சீசன் ஆரம்பிச்சாச்சா?” என்பதைத்தான். என்ன சீசன் என்று எதிர்முனையில் இருப்பவர் திருப்பிக் கேட்பதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும் மழையின் மிச்சம் இந்தப் பக்கம் சாரலாகத் தெறித்து, ஐந்தருவியில் தண்ணீர் விழ வேண்டும், அதுதான் சீசன். ஊட்டியில் அதே சொல்லுக்கு ஏப்ரல், மே என்று பொருள். சேலத்தில் மாம்பழம். கார்த்திகையில் செங்கோட்டை வழியாகப் போகும் வேன்களுக்கு ஐயப்பன். காற்று, மழை, பழம், யாத்திரை, லாட்ஜ் வாடகை எல்லாம் அந்த ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் வந்துவிட்டன.

இதே வேலையை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அரபியில் ‘மவ்சிம்’ செய்துவருகிறது. ஹஜ் யாத்திரைக் காலம் ஒரு மவ்சிம், பேரீச்சை அறுவடை ஒரு மவ்சிம். மொராக்கோவில் தர்கா விழாவும் அதையொட்டிய சந்தையும் அந்தப் பெயரிலேயே நடக்கின்றன. ஆங்கிலத்தின் ‘மான்சூன்’ இந்தச் சொல்லின் பேரப்பிள்ளை.

அதன் வேர் ‘வஸ்ம்’. நாடோடி அரபிகள் தங்கள் ஒட்டகத்தை அடையாளம் காண, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கழுத்திலோ தொடையிலோ சூடு வைப்பார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிக்குறி: ஒரு கோடு, ஒரு வளையம், இரண்டு கோடு குறுக்கே ஒன்று. அந்தச் சூட்டுத் தழும்புதான் வஸ்ம். நாட்களின் வரிசையில் சூடு போட்டுக் குறித்துவைத்த காலம் மவ்சிம் ஆயிற்று. குவைத்திலும் சவுதியிலும் அக்டோபர் நடுவில் தொடங்கி 52 நாள் நீளும் ஒரு பருவத்துக்கு இன்றும் ‘வஸ்ம்’ என்றே பெயர். அப்போது பெய்யும் முதல் மழை பாலை மண்ணில் பச்சைக் குறி போடும். அது நன்றாகப் பெய்த ஆண்டில், குளிர்காலத்தில் மணலுக்கடியில் ‘ஃபகா’ என்ற காளான் விளையும். நாட்டுக்குப் போன் செய்து “அங்க அடைமழையா?” என்று கேட்கும் வளைகுடாத் தமிழருக்கு, அதே ஐப்பசியில் அங்கே நடப்பது வஸ்ம்.

கடலோடிகள் கையில் இந்தச் சொல் இன்னும் கூர்மையானது. அஹ்மத் இப்னு மாஜித், இன்றைய ராஸ் அல் கைமா அருகிலிருந்த ஜுல்ஃபாரில் பிறந்த மாலுமி. 1490ஐ ஒட்டி அவர் எழுதிய கடல் நூலில் மவ்சிம் என்றால் காற்றும் இல்லை, மழையும் இல்லை. இந்தத் துறையிலிருந்து அந்தத் துறைக்குக் கப்பல் கிளம்ப வேண்டிய தேதி. நைரூஸ் புத்தாண்டிலிருந்து இத்தனையாம் நாள் என்று எண்ணிச் சொல்லும் கணக்கு. தென்மேற்குக் காற்று உச்சத்தில் அடிக்கும் மாதங்களில் மலபார்க் கரையை நெருங்க முடியாது. அதைக் ‘கடல் மூடல்’ என்றார்கள். அந்தக் காற்றின் வால் பகுதியைப் பிடித்து வந்து, மிளகு ஏற்றிக்கொண்டு, வடகிழக்குக் காற்றில் திரும்ப வேண்டும். நாள் தப்பினால் அடுத்த காற்றுவரை துறையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

வேடிக்கை என்னவென்றால், உலகத்துக்கு இந்தச் சொல்லைக் கொடுத்த அரபிகள் தங்கள் மண்ணில் பெய்யும் பருவமழைக்கு அதை வைக்கவில்லை. ஓமானின் தெற்கே தோஃபார் மலைகளில் ஜூன் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மூடுபனியும் தூறலுமாக வந்து மோதும். மஸ்கட் நாற்பது டிகிரிக்கு மேல் வேகும்போது தோஃபாரின் சலாலாவில் இருபது சொச்சம்தான். மழை என்று சொல்லவே தயங்கும் அளவு தூறல்; அதில் மலை முழுக்கப் பச்சை. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கரீஃப்’. மற்ற அரபு நாடுகளில் கரீஃப் என்றால் இலையுதிர்காலம்.

கிழக்கே போன மவ்சிம் மலாய் மொழியில் ‘மூசிம்’ ஆகி, எல்லாப் பருவத்துக்கும் பொதுப்பெயராயிற்று. மழைக்கு ஒரு மூசிம், வறட்சிக்கு ஒரு மூசிம், டுரியான் பழத்துக்கும் ஒரு மூசிம். நம் மாம்பழ சீசன் மாதிரியே. சுவாஹிலியில் ‘ம்சிமு’, துருக்கியில் ‘மெவ்சிம்’, இரண்டும் பருவம்தான். இந்தியில் அது ‘மௌசம்’ ஆகி, பருவத்தோடு, இன்று மதியம் வெயிலா மழையா என்ற அளவுக்கும் இறங்கிவிட்டது.

மேற்கே கொண்டுபோனவர்கள் போர்ச்சுகீசியர். அவர்கள் வாயில் அது ‘மொன்சாவ்’. அங்கிருந்து டச்சுக்கும் ஆங்கிலத்துக்கும் போனது எல்லாரும் எழுதுகிற கதை. எனக்குப் பிடித்தது அது பிரேசிலுக்குப் போன கதை. 18ஆம் நூற்றாண்டில் குயாபா தங்கச் சுரங்கங்களை நோக்கி, சாவ் பாவ்லோ பகுதியின் தியெத்தே ஆற்றில், குடைந்தெடுத்த மரத்தோணிகள் கூட்டமாகக் கிளம்பின. ஆற்றில் நீர் ஏறியிருக்கும் மாதங்களில்தான் போக முடியும். அந்தத் தோணிப் பயணங்களுக்குப் பெயர் ‘மொன்சோயெஸ்’, அதாவது மான்சூன்கள். இந்துமாக்கடலின் காற்று அங்கே எட்டிப் பார்த்ததில்லை. ஆனாலும் கிளம்ப வேண்டிய காலம் என்ற பழைய பொருளை, தெரிந்தோ தெரியாமலோ, அப்படியே காப்பாற்றியவர்கள் அந்தத் தோணிக்காரர்கள்தான்.

ஆங்கிலத்தில் அது வெகுகாலம் காற்றாகவே இருந்தது. வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1686இல் வரைபடத்தோடு வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே வணிகக் காற்றுகளையும் மான்சூன்களையும் பற்றியது. இந்தியாவில் நிலவரியும் பஞ்சமும் மழையைச் சார்ந்திருந்ததால், அரசு அலுவலகங்களின் பேச்சில் காற்று பின்னுக்குப் போய் மழை முன்னுக்கு வந்திருக்க வேண்டும். இன்றும் விஞ்ஞானம் காற்றை விடவில்லை. கேரளத்தில் பருவமழை தொடங்கியதாக அறிவிக்க, குறித்த 14 நிலையங்களில் 60 விழுக்காட்டிலாவது இரண்டு நாள் தொடர்ந்து 2.5 மில்லிமீட்டர் மழை வேண்டும். அதோடு மேற்குக் காற்றின் உயரமும் வேகமும் சரியாக இருந்தாக வேண்டும். மே மாதத்தில் எவ்வளவு கொட்டினாலும், அந்தக் காற்று அமையாதவரை அது கோடைமழைதான்.

அமெரிக்காவின் அரிசோனாவிலும் மான்சூன் உண்டு. ஜூலையில் காற்று திசை திரும்பி, தெற்கிலிருந்து ஈரம் வந்து, பாலையில் மாலைதோறும் இடி இறங்கும். ஊர்க்காரர்கள் ஒவ்வொரு இடிமழையையும் ‘ஒரு மான்சூன்’ என்பார்கள். அது தப்பு என்று படித்தவர்கள் திருத்துவார்கள். காற்றின் ஈரத்தைக் காட்டும் பனிநிலை, பீனிக்ஸ் நகரில் மூன்று நாள் தொடர்ந்து 55 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் மான்சூன் தொடக்கம் என்பது அங்கே பழைய விதி. 2008இல் அந்தக் கணக்கைத் தூக்கிப்போட்டு, ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று வானிலைத் துறை நாள் குறித்துவிட்டது. மழை வந்தாலும் வராவிட்டாலும் தேதி தேதிதான். இப்னு மாஜித் பார்த்திருந்தால் திருத்தியிருக்கவே மாட்டார்.

தமிழ் இந்தச் சொல்லை அரபியிடமிருந்து நேராக வாங்கிப் புழங்கவில்லை. ‘மவுசு’ என்ற பேச்சுச் சொல்லை இதோடு முடிச்சுப் போடக் கை துறுதுறுக்கும். ஓசை ஒத்தால் உறவு என்று எழுதிவிடுவது நம் சொல்லாராய்ச்சியின் பழைய நோய். நான் அதில் இறங்கவில்லை. பருவக்காற்று, பருவமழை என்று நாம் சொல்வதில் உள்ள ‘பருவ’த்தை வடமொழியின் பர்வனோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. பர்வன் என்றால் கணு. அரபிக்குத் தழும்பு, இங்கே கணு. ஓடுகிற காலத்தில் ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

மான்சூனுக்கு நேர்ந்த பொருள்நகர்வு நம் காற்றுப் பெயர்களுக்கு முன்பே நேர்ந்திருக்கிறது. தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்பது பழைய கணக்கு. கொண்டல் மேகமுமாகி, மழையுமாகிவிட்டது. கோடை காற்றாக இருந்ததையே மறந்து வெயில் காலத்துக்குப் பெயராக நின்றுவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக உடுமலைக்கும், ஆரல்வாய்மொழி வழியாக முப்பந்தலுக்கும் பாய்ந்து, காற்றாலைகளைச் சுழற்றுகிற மேல்காற்றை இன்று யாரும் கோடை என்பதில்லை. அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக்காற்று என்றால்தான் புரியும்.

காற்றைக் காற்றாகவே வைத்திருப்பவர்கள் கடற்கரைக்காரர்கள். மேல்காற்று அவர்களுக்குக் கச்சான். யாழ்ப்பாணத்தில் தெற்கிலிருந்து வருவது சோளகம். வாடையும் கொண்டலும் அங்கே இன்னும் புழக்கத்தில் உள்ள பெயர்கள். எந்தக் காற்றில் எந்த வலை, எந்தப் பக்கம் பாய் என்பதெல்லாம் அந்தப் பெயர்களோடு ஒட்டியிருக்கிற அறிவு. நம் மீனவர் எச்சரிக்கையோ, மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசக்கூடும் என்று பல நாட்களில் வேகத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறது. பெரும்பாலும் எல்லாக் காற்றும் அதில் சூறைக்காற்று. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கச்சான் என்றோ வாடை என்றோ ஒரு சொல் சேர்த்தால், வலையைத் தூக்குகிறவருக்கு அதிலேயே திசையும் கிடைத்துவிடும். வானிலை மையம் இதைச் செய்யலாம். செலவு ஒன்றும் இல்லை.