கோக்கா வயலில் மோதிய இரண்டு போர்கள்

போதைப்பொருளை ஒழிப்பதும் கிளர்ச்சியை அடக்குவதும் ஒரே பணியா? இவ்வினாவுக்கு விடைகாண நாம் தென் அமெரிக்காவின் பெரு நாட்டு வரலாற்றை நோக்குவோம்.

அந்தீஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் உள்ள மேல் உவயாகா பள்ளத்தாக்கு, 1980களில் உலகின் முதன்மையான கோக்கா விளைநிலமாக விளங்கியது. பசியும் களைப்பும் நீங்கக் கோக்கா இலையை மெல்வது அந்தீஸ் மக்களின் தொன்மையான வழக்கம். ஆயின், இப்பள்ளத்தாக்கின் விளைச்சலில் பெரும்பகுதி பசையாக்கப்பட்டுச் சிறு வானூர்திகளில் கொலம்பியாவுக்குச் சென்றது. அங்குக் கோக்கெய்னாக மாறி அமெரிக்கச் சந்தையை அடைந்தது.

அச்சந்தையை ஒடுக்க விரும்பிய அமெரிக்கா, சிக்கலின் வேரைப் பெருவின் வயல்களில் தேடியது. 1983ஆம் ஆண்டு முதல் அதன் நிதியுதவியுடன் கோக்காச் செடிகள் பிடுங்கப்பட்டன. நல்ல சாலைகளற்ற அவ்வட்டாரத்தில் வேறு பயிர் விளைத்துச் சந்தைக்குக் கொண்டுசெல்வது உழவர்க்குக் கட்டுப்படியாகவில்லை.

இவ்வேளையில் ‘ஒளிரும் பாதை’ எனும் மாவோயிய இயக்கம் அங்கு நுழைந்தது. 1980இல் அயாகூச்சோ மலைநாட்டில் ஆயுதமேந்திய அவ்வியக்கம், செடி பிடுங்குவோரிடமிருந்து உழவரைக் காப்பதாக முன்வந்தது. வணிகரிடம் நல்ல விலை பெற்றுத் தந்தது. வானூர்திகளுக்கு வரி விதித்துத் தன் கருவூலத்தையும் நிரப்பிக்கொண்டது. எதிர்த்தோரைக் கொல்லவும் அது தயங்கவில்லை. கோக்கா அழிந்தால் கிளர்ச்சியின் பணம் வற்றும் என்பது வெளிநாட்டார் கணக்கு. செடியை இழந்த உழவரோ கிளர்ச்சியாளரிடமே அடைக்கலம் தேடினர்.

1989 மார்ச்சில் உச்சிசா நகரின் காவல் நிலையம் கிளர்ச்சியாளரிடம் வீழ்ந்தது. அதன்பின் அங்கு அனுப்பப்பட்ட படைத்தலைவர் ஆல்பர்ட்டோ ஆர்சினியேகா, உழவர் வேறு, கடத்தல்காரர் வேறு எனப் பிரித்துக் கண்டார். செடி பிடுங்கும் பணிக்குப் படை துணைநிற்கவில்லை. உழவரின் நம்பிக்கை அரசின் பக்கம் திரும்பத் தொடங்கியது. அவர்தம் படையினர் மீது மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் எழுந்ததையும் நாம் மறைத்தலாகாது. அமெரிக்க அதிகாரிகளோ, அவர் கடத்தலுக்கு இடங்கொடுக்கிறார் எனக் குறைகூறினர். ஏறத்தாழ ஏழு மாதங்களில் அவர் அப்பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார்.

இயக்கத் தலைவர் அபிமாயேல் குஸ்மான் 1992 செப்டம்பர் 12ஆம் நாள் லீமா நகர வீடொன்றில் பிடிபட்டார். அதனைச் சாதித்தது காவல்துறையின் பொறுமையான உளவுப்பணி. செடி ஒழிப்பு அன்று. 1990களின் பிற்பகுதியில் பெருவில் கோக்கா பயிரிடும் பரப்பு சுருங்கியபோது கொலம்பியாவில் அது விரிந்தது.

ஒரு கொள்கை வென்றதா எனக் கேட்குமுன், அது எதைக்கொண்டு வெற்றியை அளந்தது என நாம் கேட்டல் வேண்டும். அழிந்த வயலின் பரப்பைக் கணக்கிட்டோர், அவ்வயலுக்குரிய உழவர் மறுநாள் யாரை நாடுவார் என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை.